வெந்நீருக்கு எரித்த முட்டுக்கட்டைகள்

கண்ணு,

நீ இப்போது என் காலடியில் குப்புறப் படுத்துக்கொண்டு யானை வரைகிறாய். ஐந்து கால் போட்டிருக்கிறாயே என்று கேட்டதற்கு, "அதுல ஒண்ணு தும்பிக்கைங்ப்பா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்றாய். உனக்கு ஆறு வயது, எனக்கு முப்பத்தொன்று. இந்தக் கடிதம் ஆறு வயதுக்காரிக்கு அல்ல. நீ வளர்ந்து, படித்து முடித்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ இந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற நாளில் உன் கையில் சேர வேண்டியது. அன்றைக்கு நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். சொல்ல நான் இருப்பேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டிய நேரத்தில், உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நாளை காலை எட்டு மணிக்கு, நாகலூர் ரோட்டில் இருக்கும் காப்பிக் கிடங்கில், நான் கட்டிய மேடையின் வாயில், ஐந்து டன் காப்பிக்கு எதிரே கால் மணி நேரம் நிற்கப்போகிறேன். எனக்கும் அந்த ஐந்து டன்னுக்கும் நடுவில் இருக்கப்போவது நான் மாட்டிய ஓர் இரும்புத் தகடு மட்டும். கணக்குப்படி அது தாங்கும். கணக்குப் போட்டவனும் நான்தான் என்பதில்தான் எனக்குப் பயம்.

மேடை என்றதும் கல்யாண மேடை என்று நினைத்துவிடாதே. தரையிலிருந்து நாலடி உயரம். லாரியின் தளமும் அதே உயரம். மேலே வரிசை வரிசையாக இரும்பு ரோலர்கள், மூன்று பாதைகளாக. அறுபது கிலோ மூட்டை இருபதை ஒரு மரத்தட்டின் மேல் அடுக்கி இறுக்கிக் கட்டினால் அது ஒரு பேலட். ஆயிரத்து இருநூறு கிலோ. ஒரு பாதையில் நாலு பேலட் லாரிக்காகக் காத்து நிற்கும். மேடை லாரிப் பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். தடையை இறக்கினால் பேலட் தன் கனத்திலேயே உருண்டு லாரிக்குள் போய்விடும். மோட்டாரும் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. தடை என்பது ரோலர்களுக்கு நடுவிலிருந்து எழும்பி நிற்கும் தகடு. ஸ்டாப்பர் என்போம். மேடை வருவதற்கு முன்னால் பலகையில் ஏறி இறங்கி முதுகில் மூட்டை சுமந்து ஒரு லாரி நிரப்ப அரை நாள் ஆகும். மேடை வந்த பிறகு இருபது நிமிஷம். முதல் லாரி கிளம்பியபோது லோடு ஆட்களில் ஒருவரான சேகர், "இஞ்சினியரே, என் முதுகு உங்களுக்குக் கும்புடு போடுதுங்க" என்றார். உனக்கு அவர் சேகர் மாமா. அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை. சேலத்திலிருந்து மலை ஏறி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பயல், ஊருக்கே முதுகை மீட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி நடந்தேன்.

இனி என் தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன். முதல் தப்பு கல்லில் தொடங்கியது. இந்த ஏற்காட்டு மலையில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கல்லு வைப்பார்கள். பஸ் நின்றால் கிளீனர் கல்லோடுதான் குதிப்பான். பக்கத்து ஊர் வாழவந்தியில் வீட்டு வாசலில் நிற்கும் மொபெட்டுக்குக்கூட ஒரு கல்லு உண்டு. கியர் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, அப்புறம் எதற்குக் கல்லு என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். மேடை ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரமே லோடு ஆட்கள் ஆளுக்கொரு முட்டுக்கட்டை கொண்டுவந்துவிட்டார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஆப்பு மாதிரிச் செதுக்கியது. முன்னால் நிற்கும் பேலட்டுக்கு முன்பாக, இரண்டு ரோலருக்கு நடுவே உள்ள இடைவெளியில் அதை அடித்துச் செருகிவிடுவார்கள். ஸ்டாப்பர் தூக்கி நிற்கும்போதே. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டுமுங்க" என்றார்கள். "ஸ்டாப்பர் பத்து பேலட்டைத் தாங்கும்" என்றேன். "தாங்கட்டுமுங்க, கட்டையும் இருக்கட்டுமுங்க" என்றார்கள்.

கட்டை ரோலரைக் கீறியது. ஒரு நாள் ஒரு கட்டை இறுகிக்கொண்டு வரவே இல்லை. ஒரு லாரி ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அன்றைக்கு நான் போட்ட சத்தம் நாகலூர் வரை கேட்டிருக்கும். எல்லோரையும் நிற்கவைத்து, பதினான்கு கட்டைகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டு, வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி எவனாவது கட்டை வைத்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றேன். கார்த்திகைக் குளிர். பின்கட்டு வெந்நீர் அடுப்பில் நாளைக்கு ஒன்றோ இரண்டோ வைத்து எரித்து உன்னைக் குளிப்பாட்டினோம். காய்ந்த மரம், நன்றாக எரிந்தது. "அப்பா கொண்டாந்த கட்டைல தண்ணி சீக்கிரம் காயுது" என்று நீ குதித்தாய். பத்து நாள் வந்தது. அந்தப் பத்து நாளும் நீ குளித்த தண்ணீர் எதில் காய்ந்தது என்று நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். இத்தனைக்கும், கட்டையின் அடியில் ஒரு ரப்பர் துண்டு ஒட்டி, மேலே ஒரு கைப்பிடி வைத்திருந்தால் ரோலரும் கீறியிருக்காது, கட்டையும் இறுகியிருக்காது. அரை மணி நேர வேலை. ஏன் வைக்கிறார்கள் என்று யோசிக்க எனக்கு அந்த அரை மணி நேரம் இல்லை.

இரண்டாவது தப்பு அதற்கும் முன்னால் நடந்தது. ஸ்டாப்பரில் இரண்டு வகை உண்டு. ஒன்றை ஸ்பிரிங் எப்போதும் தூக்கிப் பிடித்திருக்கும். காற்று அடித்தால்தான் இறங்கும். மற்றதைக் காற்றுதான் தூக்கிப் பிடிக்கும். காற்று போனால் படுத்துவிடும். முதல் வகை வந்துசேர ஆறு வாரம். இரண்டாவது சேலத்திலேயே இரண்டு நாளில் கிடைத்தது. அறுவடைக்கு முன்னால் மேடை ஓட வேண்டும். எது சரி என்று எனக்குத் தெரியாமல் இல்லை, கண்ணு. படித்திருக்கிறேன். பரீட்சையில் இதற்கு மார்க்கே வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இரண்டு நாளில் கிடைப்பதை வாங்கினேன். "காத்து எங்க போயிடப்போகுது?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

காற்று எங்கே போகும் என்று மார்கழிப் பனி சொல்லிக் கொடுத்தது. கம்ப்ரெசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி வைக்கும் இயந்திரம். இங்கே மார்கழியில் வெளிக்காற்றே பாதி தண்ணீர். அது தொட்டியில் தேங்கும், வடித்துவிட வேண்டும். சேலத்தில் வாரம் ஒருமுறை வடித்தால் போதும், அதே பழக்கத்தில் இங்கேயும் வாரம் ஒருமுறை என்று எழுதி ஒட்டியிருந்தேன். தண்ணீர் குழாயில் ஏறி, வால்வு துருப்பிடித்து, காற்று சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. அன்று காலை பத்து மணிக்கும் எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூட்டம். லாரி பின்வாங்கி வந்து நின்றது. மேடைக்கும் லாரிக்கும் நடுவே பாலம் மாதிரி போடும் இரும்புப் பலகையைச் சரிசெய்துகொண்டு, இரண்டாம் பாதையின் வாயில் சேகர் நின்றார். நான் பத்தடி தள்ளி, கிடங்குக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் லாரிக் கடுதாசியில் எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. ரோலர் உருளுகிற சத்தம், தினமும் கேட்கிற அதே சத்தம். அதனால்தான் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம்தான் சேகரின் குரல் கேட்டது.

முன்னால் இருந்த பேலட் மேடை விளிம்பைத் தாண்டிச் சரிந்து, அதன் முனை அவர் இடது பாதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. பின்னால் இன்னும் மூன்று முட்டிக்கொண்டு நின்றன. தூக்க இயந்திரம் கிடையாது. அதை அடுத்த வருஷம் வாங்கலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கயிற்றை அறுத்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் சேகர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "சீக்கிரமுங்க, சீக்கிரமுங்க" என்று மட்டும் சொன்னார். வாழ்க்கை முழுக்க எல்லோரையும் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டியவன் நான். சேலம் ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது தப்பு இவை இரண்டையும்விட மோசம். முதலாளி என்ன நடந்தது என்று எழுதிக் கேட்டார். "தொழிலாளி, பேலட் வரும் பாதையில் நிற்கக்கூடாத இடத்தில் நின்றிருந்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் அங்கேதான் நின்றார். அந்தப் பலகையை அங்கே நிற்காமல் போட முடியாது என்பதை மட்டும் எழுதவில்லை. ஸ்டாப்பரைப் பற்றி எழுதவில்லை. கட்டைகளைப் பற்றியும் எழுதவில்லை. உண்மையான வாக்கியத்தை வைத்தே முழுப் பொய்யைச் சொல்லலாம், கண்ணு. படித்தவர்கள் பொய் சொல்வது பெரும்பாலும் அப்படித்தான். உன்னிடம் யாராவது நறுக்கென்று ஒரு வாக்கியம் சொன்னால், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேள். நான் சொன்னாலும் கேள்.

அதற்குப் பிறகு பயம் வந்து வீட்டில் குடியேறிவிட்டது. உன்னை ஊஞ்சலில் உட்காரவைத்தால் கொக்கியைப் பார்க்கிறேன். ஏரிப் பக்கம் போனால் படகின் கயிற்றைப் பார்க்கிறேன். போன மாதம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உன் பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. நீ உள்ளே ஜன்னலோரம் இருந்தாய். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு டிரைவரிடம் கத்தினேன், "கல்லு எங்கய்யா?"

"ஏனுங்க சார், வண்டி கியர்லதானுங்க நிக்குது."

"கியரை நம்பியா இத்தனை குழந்தைங்களை வெச்சிருக்கே? கல்லு எங்க?"

"வெக்கறனுங்க, வெக்கறனுங்க. கத்தாதீங்க, கொழந்தைங்க பயப்படுதுங்க" என்று அவர் கல்லைத் தேடி ஓடினார். நீ வெட்கத்தில் முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டாய். அன்று சாயங்காலம் என்னோடு பேசவில்லை. எதைப் பார்த்துச் சிரித்தேனோ அதையே நடுத்தெருவில் நின்று கேட்டேன்.

சரி, நாளைய விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங் வகை ஸ்டாப்பர்கள் வந்து, போன வாரம் நானே என் கையால் மாட்டினேன். வெள்ளிக்கிழமை, யாரையும் அருகில் விடாமல், இரண்டாம் பாதையில் முழுப் பாரம் ஏற்றி, காற்றை முழுக்க வெளியேற்றி மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் நின்றது. ஆனால் லோடு ஆட்கள் ஒருவரும் மேடை அருகே வர மறுத்துவிட்டார்கள். பழையபடி முதுகில்தான் சுமப்போம் என்றார்கள். சேகர் சொன்னால் கேட்பார்கள் என்று உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர் இருக்கும் லயன் வீட்டுக்கு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டுக்கு, போனேன். வாசலில் அவர் மனைவி சரசு மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். கிடங்கில் மூட்டைகளுக்கு டேக் கட்டுகிற வேலை அவளுக்கு. விபத்துக்குப் பிறகு வரவில்லை. சேகர் கட்டிலில் இருந்தபடியே, "வாங்க இஞ்சினியரே. எந்திரிக்கலைன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று சிரித்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நானுங்களா? அந்த மேடையைப் பத்தி எனக்கு நல்ல வார்த்தை ஒண்ணும் வாயில வர மாட்டேங்குதுங்களே" என்றார்.

சரசு மிளகிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏனுங்க, காயிதத்துல என்னமோ எழுதினீங்களாமா? நிக்கக்கூடாத எடத்துல நின்னாருன்னு?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நிக்கக்கூடாத எடமுன்னா அங்க எதுக்குங்க வேலை வெச்சீங்க?"

"தப்புதான்" என்றேன். "மாத்தி எழுதறேன்."

"எழுதுங்க. இப்ப மாட்டியிருக்கறது நிக்குமுங்களா?"

"நிக்கும்."

"நல்லாத் தெரியுமுங்களா?"

"கணக்குப் போட்டிருக்கேன்."

"போன வாட்டியும் கணக்குப் போட்டுத்தானே வெச்சீங்க?" அவள் எழுந்து கையைத் துடைத்தாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. அவரு நின்ன எடத்துல நீங்க நில்லுங்க. பாரம் ஏத்தி, காத்தைப் புடுங்கிட்டு நில்லுங்க. அவரு எத்தனை நேரம் அடியில கெடந்தாரோ அத்தனை நேரம். நின்னுட்டு எறங்கினீங்கன்னா மொத ஆளா நானே வந்து டேக் கட்டறேன்."

"ஏ சரசு, சும்மா இரு. படிச்ச மனுசன்" என்றார் சேகர்.

"ஏன், படிச்சவங்களுக்குக் காலு இல்லையா?"

என் தொழிலின்படி அவள் கேட்டது முட்டாள்தனம். சோதனை செய்யும்போது எதிரே ஆள் நிற்கக்கூடாது. அதுதான் பால பாடம். ஆனால் அந்தப் பாடத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். நேற்று புது அறிக்கை எழுதி, ஸ்டாப்பர், தண்ணீர், கட்டை எல்லாவற்றையும் அதில் வைத்து முதலாளியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு பயம். உன் அம்மா காலையிலிருந்து என்னோடு ஒழுங்காகப் பேசவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும் கேட்டாள், "கணக்கு சரிதானுங்க?" சரிதான் என்றேன். "அப்புறம் எதுக்குங்க சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கறீங்க?"

அதனால் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேள்: இதைத் தூக்கிப் பிடிக்கிற சக்தி போய்விட்டால் இது எந்தப் பக்கம் விழும்? லிப்டைப் பார்த்தும் கேள், வேலைக்குப் போகிற ஆபீசைப் பார்த்தும் கேள். நீ கட்டிக்கொள்ள நினைக்கிறவனைப் பார்த்தும் கேள். நன்றாக இருக்கும்போது எல்லோரும் நிமிர்ந்துதான் நிற்பார்கள். வேலை போன அன்றைக்கு, அவமானப்பட்ட அன்றைக்கு அவன் யார் மேல் சாய்வான் என்று பார். என்னைக் கட்டிக்கொள்ளும்போது உன் அம்மா இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பயந்தால் பொய் எழுதுகிறவன் என்று தெரிந்திருக்கும். இரண்டாவது, யாராவது "இருக்கட்டுமுங்க" என்று ஒன்றைச் செய்தால் சிரிக்காதே. அவர்களால் காரணத்தைச் சொல்ல முடியாமல் போகலாம். காரணம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இப்போது நீ எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறாய். "யாருக்குங்ப்பா எழுதறீங்க?" உனக்குத்தான் என்றேன். "நான் இங்கதானுங்ப்பா இருக்கறேன், வாயில சொல்லுங்க" என்கிறாய். இங்கேதான் இருக்கிறாய். நாளைக்கு மறுநாளும் நான் இங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு இப்போது தோன்றவில்லை. நிறுத்துகிறேன்.

திங்கள், சாயங்காலம்.

கை இருக்கிறது, எழுதுகிறேன். காலும் இருக்கிறது. ஆனால் நடந்தது நீ நினைப்பது போல இல்லை.

எட்டு மணிக்கு மூட்டம் விலகவில்லை. பதினைந்து இருபது பேர் வந்திருந்தார்கள். சரசு எனக்கு முன்பே வந்து மேடையைச் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தாள். லோடு ஆட்களில் வாய்த்துடுக்கான குமார் இரண்டாம் பாதையில் நாலு பேலட்டையும் ஏற்றி முடித்து, கம்ப்ரெசரை நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டான். காற்று சீறிக்கொண்டு போய் அடங்கியது. பின்வாங்கி நின்ற லாரிக்கும் மேடைக்கும் நடுவே போட்டிருந்த இரும்புப் பலகையின் மேல் நான் ஏறி நின்றேன். கையை நீட்டினால் முன் பேலட்டைத் தொடலாம். சாக்கு வாசனை. குமார் செல்போனில் நேரம் பார்த்துச் சத்தமாகச் சொன்னான், "ஒரு நிமிசமுங்க! சாருக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா?" சிலர் சிரித்தார்கள். என் தொடை இரண்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

மூன்றாவது நிமிஷத்தில் ஒன்றைப் பார்த்தேன். பேலட்டின் விளிம்பு ஸ்டாப்பர் தகட்டின் மேல் அழுந்தி நிற்க வேண்டும். அழுந்தவில்லை. நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அப்படியென்றால் என் தகடு எதையும் தாங்கவில்லை. வேறு எதுவோ தாங்குகிறது. கண்ணை மட்டும் தாழ்த்தி ரோலர்களுக்கு நடுவே பார்த்தேன். இடது ஓரத்தில், கிரீஸ் படிந்து கறுத்து, ஒரு முட்டுக்கட்டை.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலாவது நிமிஷம் சொல்லலாம் என்று நினைத்தேன், ஐந்தாவது நிமிஷம் நினைத்தேன். என் தொடை ஆட்டம் நின்றுவிட்டது. மூச்சு சீராக வந்தது. குமார் கிண்டல் செய்தபோது திரும்பிச் சிரிக்கக்கூடச் செய்தேன். பன்னிரண்டு நிமிஷம் அப்படி நின்றேன், கண்ணு. யார் வைத்தது என்று தெரியாத ஒரு கட்டைக்குப் பின்னால், தைரியசாலி மாதிரி. "பதினஞ்சு!" என்று குமார் கத்தினான். கை தட்டினார்கள். ஒருவன் அடுத்த பாதைக்குப் பேலட் தள்ளிவர ஓடினான். அவன் வந்து நிற்கப்போவது முதல் பாதையின் வாயில், அதே மாதிரி பலகையின் மேல். அங்கே கட்டை இல்லை. அந்தப் பாதையை நான் சோதிக்கவும் இல்லை.

"இது கணக்கில்லை" என்றேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னேன். "இது கணக்கில்லை. அடியில கட்டை இருக்கு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். "எவன்டா வெச்சது?" என்றான் குமார்.

"நாந்தான்" என்றாள் சரசு.

"அட, நிக்கச் சொன்னதே நீதானே!"

"நிக்கத்தானே சொன்னேன். சாகவா சொன்னேன்?" என்று அவனிடம் சீறிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குன்னு வெச்சேன்னு நெனைச்சுக்காதீங்க. உங்க ஊட்டுப் புள்ளை வேன்ல போகறப்ப தெனமும் எனக்குக் கை காட்டுது. அதுக்குத்தான் வெச்சேன்."

அந்தக் கட்டை சேகருடையது. நான் சாக்கோடு பொறுக்கிக்கொண்டு போன அன்று இதை மட்டும் அவர் இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாராம். "நீங்க அடுப்புல போட்டுருவீங்கன்னு ஒளிச்சு வெச்சாருங்க. அன்னிக்கு அது ஊட்டுல கட்டிலுக்கடியில கெடந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சுத்தியலை வாங்கி, பக்கவாட்டில் தள்ளி நின்று கட்டையை அடித்தேன். எதிரே நின்று அடிக்கிற வீரம் எனக்கில்லை. மூன்றாவது அடியில் அது தெறித்தது. நாலு பேலட்டும் ஒரு விரல் நகர்ந்து தகட்டில் இடித்தன. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. தகடு அசையவில்லை. பிறகு திரும்பவும் பலகை மேல் ஏறினேன். குமாரை நேரம் வைக்கச் சொன்னேன். இந்த முறை அவன் டீ கேட்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. நடுவில் ஒருமுறை மரத்தட்டு மளுக்கென்றது, கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் உன் ஐந்து கால் யானை வந்தது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பதினைந்து ஆனதும் இறங்கினேன். மற்ற இரண்டு பாதைகளையும், எதிரே யாரையும் நிறுத்தாமல், பாரம் ஏற்றிக் காற்றை விட்டுச் சோதித்த பிறகுதான் லாரியில் ஏற்றச் சொன்னேன்.

சரசு சொன்னபடி முதல் ஆளாக டேக் கட்டு எடுத்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்தாள். என்னை மன்னித்தாளா என்று தெரியாது. கேட்கவில்லை, கேட்கப் பயம். சேகரின் பாதம் திரும்பி வராது என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் தச்சரிடம் சொல்லி, ரப்பர் ஒட்டி, கைப்பிடி வைத்து ஆறு புதுக் கட்டைகள் செய்தாயிற்று. பாதைக்கு இரண்டு. ஸ்டாப்பர் நின்றாலும் கட்டை வை என்று எழுதி மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் தண்ணீர் வடி என்றும். சேகருடைய கட்டையை நான் கேட்கவில்லை. சரசு முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை. நீ இதைப் படிக்கும்போது நாம் எந்த ஊரில் இருப்போமோ, இதற்காகவே இந்த மலையை விட்டு இறங்கியிருப்போமோ, எனக்குத் தெரியாது.

சற்று முன்பு உன் அம்மா உன்னைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கச் சொன்னாள். பின்கட்டில் விறகை எடுத்துவர நீயும் என் கூடவே வந்தாய். ஒவ்வொரு கட்டையாக எடுத்து, வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைத்தேன். "வெறும் விறகுதானுங்ப்பா, அதுல என்ன பாக்கறீங்க?" என்றாய். தண்ணீர் காய நேரமாகிவிட்டது. குளிரில் பல் கிட்டி நின்றபடி, "சீக்கிரமுங்ப்பா, சீக்கிரம்" என்றாய்.

"இரு கண்ணு" என்றேன். "பாத்துட்டுத்தான் வைக்கணும்."